ஆறாவது வரிசை

ஆய்வகத்தில் எல்லாருக்கும் அவள் ஜெல்லக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்த காவலாளிகூட காலையில் வருகைப் பதிவேட்டை நீட்டும்போது "ஜெல்லக்கா, கையெழுத்து" என்பார். பெயர் வைத்தவர் யாரென்று தெரியவில்லை. வைத்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார், பெயர் மட்டும் தங்கிவிட்டது. பயிர் ஆராய்ச்சி நிலையங்களில் இப்படித்தான். வைத்தவர் போனாலும் பெயர் போகாது.

அவள் வேலையை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: இலையை அரைப்பது. எவ்வளவு பாடு என்பது செய்து பார்த்தால்தான் தெரியும். பத்து நாள் நாற்றின் கொழுந்திலையைக் கிள்ளி, திரவ நைட்ரஜனில் போட்டுக் கண்ணாடிபோல் விறைக்க வைத்து, சின்னக் கல்வத்தில் மாவாக்க வேண்டும். அந்த மாவிலிருந்து நாள் முழுக்க அலசி, சுழற்றி, வடித்து எடுத்தால் கடைசியில் குழாயின் அடியில் பஞ்சு இழைபோல ஏதோ ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அதுதான் டி.என்.ஏ. முதல் தடவை அதைப் பார்த்த அவள் கணவன், "இதுக்கா காலைல ஏழு மணிக்குக் கிளம்புற?" என்று கேட்டான்.

அந்த இழையில் சில இடங்களில் ஒரே எழுத்துக் கோவை, கீறல் விழுந்த இசைத்தட்டுபோலத் திரும்பத் திரும்ப வரும். ஒரு ரகத்தில் பத்துத் தடவை வந்தால் இன்னொன்றில் பதினான்கு தடவை வரும். அந்த இடத்தை மட்டும் பல கோடிப் படிகளாகப் பெருக்கி, ஜெல் என்னும் கூழ்ப்பாளத்தில் விட்டு மின்சாரம் பாய்ச்சினால், குட்டையான துண்டு முந்தி ஓடும், நெட்டையானது பின்தங்கும். நீல விளக்கின் கீழே அவை கோடுகளாக ஒளிரும். இப்படிப் பார்க்கத் தேர்ந்தெடுத்த இடங்களுக்குத்தான் மார்க்கர் என்று பெயர். கோடு இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் பூஜ்யம். ஜெல்லக்கா பதினாறு வருடமாக ஒன்றும் பூஜ்யமும் எழுதிக்கொண்டிருந்தாள். அந்த ஒன்றையும் பூஜ்யத்தையும் வைத்து நாலு பேர் முனைவர் பட்டம் வாங்கினார்கள், இருவர் வெளிநாடு போனார்கள், ஒருவருக்கு விருது வந்தது. கட்டுரைகளின் கடைசியில் 'ஆய்வக ஊழியர்களுக்கு நன்றி' என்று ஒரு வரி இருக்கும். அந்தப் பன்மைக்குள் அவள் இருந்தாள்.

பதினாறு வருடமும் ஒப்பந்தம்தான். பதினோரு மாதம் முடிந்ததும் ஒருநாள் வேலையிலிருந்து நீக்குவார்கள், மறுநாள் புதிதாகச் சேர்த்துக்கொள்வார்கள். தொடர்ந்து வேலை பார்த்ததாகச் சட்டத்தின் முன் நின்று அவள் சொல்லிவிடக் கூடாதல்லவா, அதற்காக அந்த ஒருநாள். அந்த ஓட்டையைக் கண்டுபிடித்த மூளைக்கு எந்த விருதும் கொடுக்கவில்லை. உண்மையில் நிலையத்தின் ஆகப் பெரிய கண்டுபிடிப்பு அதுதான்.

இந்த வருடம் நிரந்தரப் பட்டியல் ஒன்று போடப்போவதாகச் செய்தி வந்தது. மூன்று பேருக்குத்தான் இடம், மூன்றாவது பெயர் அவளுடையது. பதவி, அந்தஸ்து என்றெல்லாம் அவளுக்கு ஆசை இல்லை. அவளுக்கு வேண்டியிருந்தது மருத்துவ விடுப்பு. துளித்துளியாக உறிஞ்சி விடும் பிப்பெட்டை அழுத்தி அழுத்தி வலது கட்டைவிரலின் நரம்பு வீங்கி, தண்ணீர்க் குவளையைப் பிடித்தால் நழுவியது. "அறுவை செய்யணும், ஆறு வாரம் கையை அசைக்கவே கூடாது" என்றார் மருத்துவர். ஒப்பந்தக்காரி ஆறு வாரம் கையை அசைக்காமல் இருந்தால் ஏழாவது வாரம் அவளுடைய முக்காலியில் வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள். ஆகவே பட்டியலில் பெயர் வந்தால் விரல் பிழைக்கும், வராவிட்டால் போகும். அவள் வாழ்க்கை அந்த வருடம் ஒரு கட்டைவிரலில் வந்து நின்றது.

இந்த நேரத்தில்தான் காராமணி வேலை வந்தது. விதைக் கிடங்கின் குளிரறையில் இடம் போதவில்லை. தொண்ணூற்றாறு காராமணி ரகங்கள் இருந்தன, எல்லாம் முப்பது நாற்பது வருடங்களாகப் பலர் அலைந்து சேர்த்தவை. ஆட்டுக்கண், கருங்கொடி, மாமியார்பல், நாற்பதுநாள், பொறுமைக்காரி என்று விதைத்தவர்கள் வைத்த பெயர்களோடு பொட்டலங்களில் உட்கார்ந்திருந்தன. இவற்றில் எவை ஒரே ரகத்தின் இரண்டு பெயர்கள் என்று பதினான்கு மார்க்கர் வைத்துப் பார்க்க வேண்டும், பதினான்கிலும் ஒத்துப்போனால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கிவிட வேண்டும் என்று டைரக்டர் உத்தரவு போட்டார். நீக்குவது என்றால் வெளியே யாரும் எடுத்து விதைத்துவிடாதபடி நீராவியில் வேகவைத்துக் கொட்டுவது.

ஜெல்லக்கா இரண்டு மாதம் ஓட்டினாள். தொண்ணூற்றாறில் இருபத்தைந்து இரட்டைகள் என்று முடிவு வந்தது. டைரக்டருக்கு வாயெல்லாம் பல். ஜெல்லக்காவின் துறைத் தலைவியை எல்லாரும் மேடம் என்பார்கள். அவர் கண்ணாடியைத் தலையில் ஏற்றிக்கொண்டு அறிக்கையை அடித்து முடித்தார். ரகங்களின் பெயர்களை அகர வரிசையில் அடுக்கி, அழகாக அச்சடித்து, மேலே அனுப்பியாகிவிட்டது.

அடுத்த செவ்வாய்க்கிழமை பிற்பகல் கிடங்கிலிருந்து அழைப்பு வந்தது. நீக்க வேண்டிய பொட்டலங்களை எடுக்கும்போது ஆய்வகத்து ஆள் ஒருவர் கூட நின்று சரிபார்க்க வேண்டுமாம்.

கிடங்குக் காப்பாளருக்கு ஸ்வெட்டர் அண்ணன் என்று பெயர். குளிரறைக்குள் போய்ப் போய் வந்து, வெளியே வெயில் கொளுத்தும்போதும் அந்தச் சாம்பல் நிற ஸ்வெட்டரைக் கழற்ற மறந்துவிடுவார். அவளைப் பார்த்ததும் இரண்டு பொட்டலங்களைப் பிரித்து மேஜையில் கொட்டினார்.

"வாம்மா ஜெல்லு. உன் மிஷினுக்குக் கண்ணு இருக்கா, இல்ல அதுவும் என்ன மாதிரி கண்ணாடி போட மறந்துடுச்சா?"

"ஏண்ணே?"

"இது ஆட்டுக்கண்ணு, வெள்ளைல புள்ளி. இது கருங்கொடி, அட்டக்கரி. ரெண்டும் ஒண்ணுன்னு உங்க பேப்பர் சொல்லுது. என்னையும் எங்க மச்சானையும் நிக்க வச்சு ஒரே ஆளுன்னு சொன்ன மாதிரி இருக்கு."

"தோலை வச்சு முடிவு பண்ணக் கூடாதுண்ணே. ஒரே ஒரு ஜீன் மாறினாப் போதும், நிறம் மாறிடும். உள்ளுக்குள்ள ரெண்டும் ஒண்ணா இருக்கலாம்."

பார்வையாளர்கள் வரும்போதெல்லாம் அவள் சொல்லும் வாக்கியம் அது. அதில் பொய் எதுவுமில்லை. தோலைப் பார்த்து ஆளை எடைபோடும் மனிதர்களிடம் அதைச் சொல்வதில் அவளுக்குத் தனிச் சந்தோஷமும் உண்டு.

"சரி, நீ படிச்சவ, ஒத்துக்கறேன்" என்றார் அண்ணன். "ஆனா இத மட்டும் சொல்லு. மத்த ட்ரேலெல்லாம் இங்க ஒண்ணு அங்க ஒண்ணுன்னு எடுத்தேன், பல்லு போன கிழவன் வாய் மாதிரி ஆச்சு. இந்த ஒரு ட்ரே மட்டும் நாப்பத்தொண்ணுலேர்ந்து நாப்பத்தெட்டு வரைக்கும் மொத்தமா காலி. பல் செட்டையே கழட்டி டம்ளர்ல போட்ட மாதிரி. இது எப்படி?"

ஜெல்லக்கா சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

அறிக்கை பெயர்வரிசையில் இருந்ததால் எண்களை யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. அவளும் பார்க்கவில்லை. இப்போது அண்ணனிடம் ஒரு பேனாவை வாங்கி, ஒரு பழைய உறையின் பின்னால் எண்களை எழுதினாள். முப்பத்துமூன்றும் நாற்பத்தொன்றும் ஒன்று. முப்பத்துநான்கும் நாற்பத்திரண்டும் ஒன்று. முப்பத்தைந்தும் நாற்பத்துமூன்றும் ஒன்று. கடைசி வரைக்கும் அப்படியே போனது. எல்லாவற்றுக்கும் இடையில் எட்டு. பதிவேட்டைப் புரட்டினாள். முப்பத்துநான்கு நாற்பதுநாள், பெயருக்கேற்ப நாற்பது நாளில் காய்த்து முடிந்துவிடும். நாற்பத்திரண்டு பொறுமைக்காரி. 'நூற்றுப்பத்து நாள். மழை தவறினாலும் காத்திருக்கும்' என்று சேகரித்தவர் பென்சிலில் குறித்திருந்தார்.

"என்னம்மா, மூஞ்சி வெளுத்துப்போச்சு? குளிருதா?"

"ஆமாண்ணே" என்று சொல்லிவிட்டு அவள் கிளம்பினாள்.

அவளுடைய பிப்பெட்டுக்கு மூக்கு எட்டு. ஒரே அழுத்தில் எட்டுக் குழிகளிலிருந்து உறிஞ்சி எட்டுக் குழிகளில் விடலாம். தொண்ணூற்றாறு குழிகள் கொண்ட தட்டில் பன்னிரண்டு வரிசைகள். ஐந்தாம் வரிசையில் முப்பத்துமூன்று முதல் நாற்பது, ஆறாம் வரிசையில் நாற்பத்தொன்று முதல் நாற்பத்தெட்டு. வடித்த டி.என்.ஏ. இருக்கும் மூலத்தட்டிலிருந்து, கொஞ்சம் எடுத்துத் தண்ணீர் கலந்து வைக்கும் நீர்த்த தட்டுக்கு மாற்றும்போதுதான் ஏதோ நடந்திருக்க வேண்டும். அந்த நீர்த்த தட்டிலிருந்துதான் பதினான்கு மார்க்கரும் ஓடின, அதனால் பதினான்கிலும் பொய் ஒரே மாதிரி வந்தது. ஒரு மார்க்கரில் பிசகினால் இன்னொன்று காட்டிக்கொடுக்கும். வேரிலேயே பிசகினால் எல்லாம் கூடிநின்று சாட்சி சொல்லும்.

ஆய்வகத்தில் யாரும் இல்லை. ஃப்ரீசரைத் திறந்து மூலத்தட்டை எடுத்து, உருகும்வரை காத்திருந்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். பத்து வரிசைகளில் மட்டம் ஒரேபோல இறங்கியிருந்தது. ஐந்தாம் வரிசையில் இன்னும் கீழே இருந்தது. ஆறாம் வரிசை தொடப்படாமல் நிறைந்து நின்றது.

அவளுக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. பிப்பெட் மூக்கில் மாட்டும் பிளாஸ்டிக் முனைகள் ஒரு பெட்டிக்குத் தொண்ணூற்றாறு வரும், அதுவும் எட்டெட்டாய்ப் பன்னிரண்டு வரிசை. எடுக்க எடுக்கப் பெட்டியில் வரிசை வரிசையாக இடம் காலியாகும். பாதியில் யார் கூப்பிட்டாலும் போய்விட்டு வந்து பெட்டியைப் பார்த்தால் போதும், எத்தனை வரிசை காலியோ அத்தனை முடிந்தது. ஆய்வகக்காரர்களின் கணக்கு அது. எந்தப் பாடப்புத்தகத்திலும் இராது. இந்த வருடத் தொடக்கத்தில் டைரக்டர் ஒரு சுற்றறிக்கை விட்டார்: சிக்கனம். பாதி தீர்ந்த பெட்டிகளின் முனைகளை ஒன்றாகக் கொட்டித் தீர்த்த பிறகே புதுப் பெட்டி. ஆக, அன்று அவள் முன்னால் இருந்த பெட்டியில் கண்ட இடமெல்லாம் ஓட்டை.

ஐந்தாம் வரிசை முடிந்த நேரத்தில்தான் அலுவலக உதவியாளர் கதவைத் தட்டியிருந்தார். "ஜெல்லக்கா, நிரந்தரப் பட்டியல் படிவம். மூணு பிரதி. டைரக்டர் கிளம்பிட்டாரு, இப்பவே போட்டாத்தான்." அவள் ஓடிப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள். பெட்டியைப் பார்த்தாள், அது ஒன்றும் சொல்லவில்லை. மூலத்தட்டில் வரிசைக்கு ஒரு மூடி. மூடி திறந்து கிடந்த வரிசையிலிருந்து உறிஞ்சி, நீர்த்த தட்டின் அடுத்த காலி வரிசையில் விட்டாள். திறந்து கிடந்தது ஐந்து. காலியாக இருந்தது ஆறு.

இரண்டு வினாடி வேலை. விரல் வலித்ததுகூட அவளுக்கு ஞாபகம் இருந்தது.

புதன்கிழமை காலையில் மேடத்தின் அறைக்குப் போய் நின்று, தட்டைக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னாள். மேடம் கெட்டவர் அல்ல. தட்டை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார், ரொம்ப நேரம் பார்த்தார்.

"யாருகிட்டயாவது சொன்னியா?"

"இல்ல மேடம்."

"சொல்லாத. நாளைக்குச் சாயங்காலம் பட்டியல்ல கையெழுத்தாகுது. ஆவில போடறது வெள்ளிக்கிழமைன்னுதான் எனக்கு எழுதியிருக்காங்க. வெள்ளிக்கிழமை காலைல நானே ஒரு சீட்டு அனுப்பி இந்த எட்டை நிறுத்திடறேன். மறு சரிபார்ப்புன்னு ஒரே வரி. உன் பேரே வராது."

"இன்னிக்கே நிறுத்த முடியாதா மேடம்?"

"காரணம் கேப்பாரு. காரணம் சொன்னா நீ பட்டியல்ல இருக்க மாட்ட. ரெண்டு நாள்தானே? பயறு எங்கயும் ஓடிப்போயிடாது."

ஜெல்லக்கா தலையாட்டினாள். அது யாரும் குறை சொல்ல முடியாத யோசனை. எட்டும் பிழைக்கும், விரலும் பிழைக்கும். அன்று முழுக்க மிளகாய் இலை அரைத்தாள். கிடங்குப் பக்கம் போகவில்லை. அண்ணனைப் பார்த்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று மதியம் சாப்பாட்டைக்கூட ஆய்வகத்துப் படிக்கட்டிலேயே முடித்துக்கொண்டாள்.

அவள் கணவனுக்கு மோட்டார் காயில் கட்டும் கடை, வீட்டின் முன்னறைதான் கடை. சாயங்காலம் அவள் வந்தபோது அவன் செம்புக்கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தான். சுற்றும்போது பேசினால் எண்ணிக்கை தப்பும் என்று அவள் ஸ்டூலில் உட்கார்ந்து காத்திருந்தாள். கம்பியை வெட்டி முடிச்சுப் போட்டபிறகு சொன்னாள்.

"மேடம் சொல்றதுதான் சரி" என்றான் அவன். "வாயை மூடிட்டு இரு. மொதல்ல உன் கை."

"தப்பு என்னுதுங்க."

"தப்பு பண்ணாதவன் எவன்? உங்க ஆபீஸ்ல யாராவது இதுவரைக்கும் நான்தான்னு ஒத்துக்கிட்டிருக்கானா? நீ மட்டும் என்ன பெரிய இவ?"

"உங்களுக்குச் சுத்து தப்பினா என்ன பண்ணுவீங்க?"

"பண்றதுக்கு என்ன இருக்கு? கரண்ட் குடுத்தா மோட்டார் புகையும். மோட்டார்காரன் அன்னிக்கே தூக்கிட்டு வந்து என் மூஞ்சில அடிப்பான்." அவன் கம்பித் துண்டுகளைக் கூட்டித் தள்ளினான். "உன்னுது யாருக்குத் தெரியப்போகுது? பயறு வந்து பேசவா போகுது?"

"அதாங்க" என்றாள்.

"என்ன அதான்?"

விளக்கிச் சொல்ல அவளிடம் தெம்பு இல்லை. அவள் நாள் முழுக்கத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்ததைத்தான் அவன் வாய்விட்டுச் சொன்னான். வேறொருவர் வாயில் கேட்டபோது சகிக்கவில்லை.

வியாழக்கிழமை அரைமணி முன்னதாகவே வந்து, ஆய்வக மேஜையில் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினாள். எந்தத் தேதியில், எந்தத் தட்டில், எந்த வரிசையில் என்ன நடந்தது, முனைப் பெட்டி எப்படி இருந்தது என்று ஐந்து வரி. கட்டைவிரல் ஒத்துழைக்காததால் பேனாவை இரண்டு விரல்களுக்கு நடுவில் செருகிக்கொண்டு எழுதினாள். கடிதத்தை மேடத்தின் மேஜையில் வைப்பதற்கு முன் நேராகக் கிடங்குக்குப் போனாள். நிறுத்தச் சொல்லிவிட்டால் அப்புறம் யார் என்ன செய்தாலும் சரி.

கிடங்கின் முன்னறையில் பயறு வெந்த மணம் அடித்தது.

முதலில் அவளுக்கு அது என்னவென்று உறைக்கவில்லை. யாரோ அடுப்பு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தாள். பிறகு சுவரோரம் நின்ற ஆவிக்கலத்தைப் பார்த்தாள். மூடி திறந்து ஆறிக்கொண்டிருந்தது.

"அண்ணே, அந்த எட்டுப் பொட்டலம்?"

"ஆறு இருக்கு. ஏம்மா, ஓடி வந்த மாதிரி இருக்க?"

"எட்டுண்ணே."

"ரெண்டு போயிடுச்சே. நேத்து மத்தியானம் பூச்சி விழுந்த மிளகா விதை ஒரு மூட்டை ஆவில போட வேண்டியிருந்தது. உள்ள கொஞ்சம் இடம் இருந்தது. சும்மா எதுக்குக் கரண்ட்டை வீணாக்கணும், சிக்கனம் சிக்கனம்னு மாசாமாசம் பேப்பர் அனுப்பறாங்களேன்னு கைக்கு எட்டின அந்த ட்ரேலேர்ந்து மொத ரெண்டை எடுத்துச் சேர்த்துப் போட்டேன்." அவர் மூலையில் இருந்த பையைக் காட்டினார். கருங்கொடியும் பொறுமைக்காரியும் ஊதி வெடித்துத் தோல் கழன்று கிடந்தன. இப்போது இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நிறமாக இருந்தன.

"ரெண்டாவது பொட்டலம் இருக்குமில்ல? பாதுகாப்புக்குன்னு ஒண்ணு வைப்பீங்களே?"

"இடமில்லன்னு போன வருஷமே எல்லாத்தையும் ஒத்தைப் பொட்டலம் ஆக்கச் சொல்லிட்டாங்கம்மா."

அவள் சொன்னாள். நின்றபடியே, தட்டு, வரிசை, படிவம், செவ்வாய்க்கிழமை, புதன்கிழமை எல்லாவற்றையும் சொன்னாள். அண்ணன் ஸ்வெட்டரின் கைகளை இழுத்து உள்ளங்கையை மூடிக்கொண்டு கேட்டார்.

"செவ்வாக்கிழமையே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்ணே."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஓரமா எடுத்து வச்சிருப்பேனே. எவனுக்கும் தெரியாம வச்சிருப்பேனே." அவர் அவளைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிறகு தானே ஆறுதல் சொன்னார். "சரி விடு. அதோட விதி அவ்வளவுதான்."

"விதி இல்லண்ணே. நான்தான்" என்றாள் ஜெல்லக்கா.

மற்ற ஆறையும் அவரே ட்ரேயில் அடுக்கி உள்ளே கொண்டுபோனார்.

அவள் கிடங்கு மேஜையிலேயே உட்கார்ந்து கடிதத்தில் இன்னும் இரண்டு வரி சேர்த்தாள். அழிந்த இரண்டின் எண்கள் ஒரு வரி. பிழை தெரிந்த பின்னும் ஒருநாள் சொல்லாமல் இருந்தேன் என்பது மற்றொரு வரி. மேடம் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு பென்சிலால் ஒரு வரியின் கீழே கோடு போட்டார்.

"இந்த முனைப் பெட்டி விஷயம் எதுக்கு? சுற்றறிக்கை டைரக்டர் கையெழுத்துல போனது. இதப் பார்த்தா இன்னும் எரிஞ்சு விழுவாரு. தப்புன்னு ஒத்துக்கிட்டாப் போதாதா?"

"தப்பு என்னுது மேடம். அத மொத வரிலயே எழுதிட்டேன். ஆனா பெட்டி அப்படியே இருந்தா நாளைக்கு வேற யாராவது இதையே பண்ணுவாங்க. அது இருக்கட்டும்."

"நான் உன்னக் காப்பாத்தப் பார்த்தேன்."

"தெரியும் மேடம். நானும் அதுக்குத்தான் தலையாட்டினேன்."

மேடம் தலையிலிருந்த கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டு, கடிதத்தின் ஓரத்தில் 'மேலனுப்பப்படுகிறது' என்று எழுதினார்.

அன்று மாலை பட்டியல் கையெழுத்தானது. மூன்றாவது இடத்தில் வேறொருவர் பெயர் இருந்தது. அவர் தோட்டப் பிரிவில் ஏழு வருடம் இருந்தவர். அவரும் பாவம், காத்திருந்தவர்தான். ஜெல்லக்காவுக்கு ஒரு குறிப்பாணை வந்தது: கவனக்குறைவு, தகவலை மறைத்தல், பதினைந்து நாளில் விளக்கம் தேவை. பாதுகாப்புப் பொட்டலங்களை ஒழித்தவருக்குக் குறிப்பாணை இல்லை. ஓட்டைப் பெட்டிகளை வைத்துத் துல்லியமான வேலை பார்க்கச் சொன்னவருக்கும் இல்லை. கீழே இருப்பவர் செய்தால் பிழை, மேலே இருப்பவர் செய்தால் கொள்கை. குறிப்பாணையைக் கொண்டுவந்த அலுவலக உதவியாளர், பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்க வேண்டியிருந்ததால் கூச்சத்தோடு நின்றார். இதற்கும் மூன்று பிரதி.

அடுத்த வாரம் ஆறாம் வரிசையை மூலத்தட்டிலிருந்து எடுத்துப் பதினான்கு மார்க்கரையும் மறுபடி ஓட்டினாள். பிப்பெட்டை இடது கையில் பிடிக்கப் பழகிக்கொண்டிருந்தாள், அதனால் எல்லாம் இரண்டு மடங்கு நேரம் பிடித்தது. எட்டில் ஒன்று, நாற்பத்துநான்கு, பன்னிரண்டாம் எண்ணோடு உண்மையிலேயே பதினான்கிலும் ஒத்துப்போனது. மற்ற ஏழும் தனித்தனி ரகங்கள். பிழைத்திருந்தவற்றில் ஐந்து அந்த ஏழில் இருந்தன.

பதினோராவது மார்க்கரில், பொறுமைக்காரியின் தடத்தில், எல்லாக் கோடுகளுக்கும் மேலே தனியாக ஒரு கோடு நின்றது. மற்ற தொண்ணூற்றைந்து ரகங்களில் எதிலும் இல்லாத கோடு. நீல விளக்கின் கீழ் அது நன்றாகத் தெளிவாகத் தெரிந்தது, இரண்டு விதமாக வாசிக்க இடமே இல்லை. மேடத்தைக் கூப்பிட்டுக் காட்டினாள். மேடம் குனிந்து பார்த்தார்.

"டி.என்.ஏ. எவ்வளவு இருக்கு?"

"இன்னும் அம்பது தடவை ஓட்டலாம் மேடம்."

விதை இல்லை என்பதை இருவரும் சொல்லவில்லை. குழாயில் இருந்ததைப் படிக்கலாம், அளக்கலாம், கட்டுரை எழுதலாம். மண்ணில் போட முடியாது. சேகரித்த இடத்துக்குக் கடிதம் போட்டுப் பார்க்கலாம் என்றார் மேடம். பதிவேட்டில் இருந்த தேதி இருபத்தெட்டு வருடம் பழையது. கொடுத்தவர் பெயர் இருக்கும் கட்டத்தில் 'ஒரு பெண்' என்று மட்டும் இருந்தது. ஜெல்லக்கா தன் தாளில் ஒன்று என்று எழுதினாள், அந்த வரியின் மற்ற தொண்ணூற்றைந்து கட்டங்களிலும் பூஜ்யம்.

அன்று பிற்பகல் கிடங்குப் பதிவேட்டைக் கொண்டுவந்தார்கள். அழிந்த இரண்டுக்கும் பதிவு முடிக்க வேண்டும். எண், பெயர், இருப்பு என்ற கட்டங்களை அண்ணனே நிரப்பியிருந்தார். 'நீக்கக் காரணம்' என்ற கட்டத்தை மட்டும் ஆய்வகம் எழுத வேண்டும்.

"முளைப்புத்திறன் இழப்புன்னு போட்டுடு" என்றார் மேடம், பதிவேட்டைப் பார்க்காமலே. "எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க."

"முளைச்சிருக்கும் மேடம்."

ஜெல்லக்கா பேனாவை இரண்டு விரல்களுக்கு நடுவில் செருகிக்கொண்டு, கருங்கொடியின் நேரே மெதுவாக எழுதினாள்: 'ஆய்வகப் பிழையால் தவறாக அழிக்கப்பட்டது. முளைக்கும் திறன் இருந்தது.' எழுத்து கோணல்மாணலாக வந்தது. எழுதி முடித்ததும் விரலை உதறிக்கொண்டாள்.

"ரொம்ப வலிக்குதா? கீழ் வரிக்கு 'மேற்படி'ன்னு போட்டாப் போதும், விடு."

அவள் போடவில்லை. பொறுமைக்காரியின் நேரேயும் முழுதாகவே எழுதினாள்.